நீலகிரியில் பூப் பார்க்க வருவோருக்கு: பூங்கா முதல் புல்வெளி வரை ஒரு வழிகாட்டி

உதகை அரசு தாவரவியல் பூங்காவுக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெரிய புல்வெளியில் சற்று நேரம் அமர்ந்து, படம் எடுத்துக்கொண்டு, மதியத்துக்குள் படகு இல்லத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை செடிகளையும் மரங்களையும் பார்ப்பதற்காகவே மலையேறி வருகிறவர்களுக்கானது. பூங்காவை நிதானமாகப் பார்த்து முடித்த பிறகு, இந்த மலைக்கே சொந்தமான காட்டுப்பூக்களில் சிலவற்றையேனும் கண்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கானது. அப்படி வருகிறவர்களுக்கு வேண்டிய தகவல்கள் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. பூங்கா தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது, காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது, மாவட்டத்துக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ் வேறோர் இணையதளத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் கேட்டால் மற்றோரிடத்தைக் காட்டுகிறார்கள். நான் அலைந்து திரட்டியவற்றை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். இந்த வரிசையிலேயே செய்தால் வேலை எளிதாக முடியும், ஏனெனில் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் முன்னால் எடுத்த முடிவைப் பொறுத்தே அமைகிறது.

1. எந்த மாதம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

அறை முன்பதிவு, விடுப்பு, வண்டி எல்லாவற்றுக்கும் முன்னால் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். பூங்காப் பூக்களின் காலமும் காட்டுப்பூக்களின் காலமும் ஒன்றாக இருப்பதில்லை. மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் மாடங்களில் அடுக்கிய ஆயிரக்கணக்கான பூந்தொட்டிகளைக் காணலாம். ஆனால் அதே நேரத்தில் மலைச்சரிவுகளில் காட்டுப்பூக்கள் மிகவும் குறைவாகவே இருக்கும். இதை அறியாமல் ஏப்ரல், மே மாதங்களில் வந்து, “நீலகிரியில் காட்டுப்பூவே இல்லையே” என்று சொல்லிச் செல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை குளிர்ந்த, வறண்ட காலம். உறைபனி விழும் நாள்களில் பள்ளங்களில் இருக்கும் புல் கருகிப் பழுப்பாகிவிடும். இந்தக் காலத்தின் சிறப்பு காட்டுப்பூவரசு. ரோடோடென்ட்ரான் என்று தாவர நூல்கள் குறிப்பிடும் இந்த மரத்தின் நீலகிரி வகை, மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் குட்டைமரக் காடுகளான சோலைகளின் ஓரத்திலும் புல்வெளியின் நடுவிலும் முறுக்கிய அடிமரத்தோடு நின்று, கொத்துக் கொத்தாகச் சிவந்த பூக்களைத் தாங்கும். வட இந்தியாவில் இமயமலைச் சரிவுகளில் காணப்படும் மரத்தின் நெருங்கிய உறவு இது. இடையில் உள்ள சமவெளியில் எங்குமே கிடையாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சோலை மரங்கள் தளிர்விடும்போது இலைகளே செம்பும் ஊதாவுமாக மின்னும். தொலைவிலிருந்து பார்க்கிறவர்கள் அதைப் பூ என்றே நினைப்பார்கள். ஆனால் இதே மாதங்கள்தான் காட்டுத்தீக் காலமும். வனத்துறை பல நடைவழிகளை மூடிவிடும் என்பதால், சாலையோரத்திலிருந்து பார்ப்பதோடு திட்டத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏப்ரலும் மேயும் உள்ளூரில் முதல் சீசன் எனப்படும் காலம். பூங்காவுக்கு இதுவே உச்சம், கூட்டத்துக்கும் இதுவே உச்சம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மழை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதற்கு ஒரே சான்று போதும்: 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. சாலைகள் மூடப்படலாம், மரங்கள் விழலாம். ஆயினும் ஈரம் சொட்டும் பாறைகளிலும் ஓடைக்கரைகளிலும் காசித்தும்பையின் காட்டு உறவுகள் பூக்கத் தொடங்குவது இப்போதுதான். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும், மழை சற்று ஓய்ந்த நாள்களில், பாறைச் சரிவுகளில் நீலகிரி லில்லி வெள்ளைக் குழல்போல நீண்ட பூக்களை விடும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை உள்ள நாள்களையே பரிந்துரைப்பேன். இரண்டாம் சீசன் என்பதால் பூங்காவிலும் பூந்தொட்டிகளை அடுக்கியிருப்பார்கள். புல்வெளிகளில் தரையில் முளைக்கும் ஆர்க்கிடுகள், ஊதா நிற ஓஸ்பெக்கியா, தாளில் செய்ததுபோல் உலர்ந்து நிற்கும் வெள்ளை அனபாலிஸ் ஆகியவற்றைக் காணலாம். கூட்டம் மே மாதத்தைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண்சரிவும், மலை ரயில் ரத்தும் வழக்கம். ஆகவே தீபாவளி விடுமுறையை ஒட்டி வருகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

குறிஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, மூணாறை அடுத்த இரவிகுளத்தில் 2006இலும் 2018இலும் மலையை மூடியது. அடுத்த பெரும்பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் குறிஞ்சி என்பது ஒரே செடி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சிப் பேரினத்தில் பல இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கால இடைவெளியில் பூக்கிறது, சில ஆண்டுதோறும் பூக்கின்றன. அதனால்தான் இடைப்பட்ட ஆண்டுகளிலும் நீலகிரியில் ஏதோவொரு சரிவில் குறிஞ்சி பூத்தது என்ற செய்தி வருகிறது. அந்தச் செய்தியைப் படித்த உடனே கிளம்பாமல், அந்த இடம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறதா என்பதை வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள்.

2. இ-பாஸ் எடுங்கள்

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ வருகிறவர்கள் இ-பாஸ் இல்லாமல் நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இ-பாஸ் இணையதளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் ஓடிபியைப் பதிந்தால் விண்ணப்பம் திறக்கும். கையில் வைத்திருக்க வேண்டியவை: வண்டியின் பதிவுச் சான்று, அதாவது ஆர்சி புத்தகம், வருகிறவர்களின் எண்ணிக்கை, நுழையும் நாளும் திரும்பும் நாளும், தங்குமிடத்தின் முகவரி. வண்டியின் வகை, தயாரிப்பு ஆண்டு, எரிபொருள் ஆகியவற்றையும் கேட்பார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

இங்கே கண்ணி பல உண்டு. முதலாவது, எண்ணிக்கை வரம்பு. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாள்களில் 6,000 வண்டிகளுக்கும் வார இறுதி நாள்களில் 8,000 வண்டிகளுக்கும் மட்டுமே நீலகிரியில் அனுமதி என்று நீதிமன்றம் வரம்பு விதித்தது. சீசன் நாள்களில் இப்படிப்பட்ட வரம்பு இருக்கும் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இ-பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள், பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு முன்பணத்தை இழக்கிறார்கள். இரண்டாவது, வண்டி எண். பாஸ் வண்டிக்குத்தான் தரப்படுகிறது. கோவையிலிருந்து வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்குக் கடைசி நேரத்தில் வேறு கார் வந்துவிட்டால், பழைய பாஸ் பயன்படாது. முதல் நாள் மாலையே ஓட்டுநரிடம் எண்ணை உறுதி செய்துகொண்டு, யார் பாஸ் எடுக்கிறார்கள் என்பதையும் தெளிவாகப் பேசிவிடுங்கள். மூன்றாவது, கல்லாறு போன்ற சோதனைச்சாவடிகளில் கைபேசி இணைப்பை நம்ப முடியாது. க்யூஆர் குறியீட்டைப் படமாகச் சேமித்து வையுங்கள், ஒரு தாளிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். நான்காவது, பாஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறவர்கள். இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேரளத்திலிருந்து நாடுகாணி, பாட்டவயல், சோலாடி, தாளூர் வழியாக வருகிறவர்களுக்கும், கர்நாடகத்திலிருந்து கக்கநல்லா வழியாக வருகிறவர்களுக்கும் இதே விதிதான். பெங்களூரு, மைசூரு பக்கமிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும்.

3. அல்லது பேருந்திலும் ரயிலிலும் வாருங்கள்

அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. தனியாகவோ இருவராகவோ வருகிறவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது என் கருத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குப் புறப்படும் மலை ரயில் 46 கிலோமீட்டரை நண்பகல் வரை ஏறி உதகையை அடைகிறது. அந்த மெதுவான வேகம் செடிகளைப் பார்க்கிறவர்களுக்குப் பெரும் வாய்ப்பு. கல்லாறில் பாக்குத் தோப்பும் பலாவும், நடுவே ஈரப்பாறைகளில் பெரணி எனும் ஃபெர்னும் பாசியும், குன்னூருக்கு மேல் தேயிலையும் இங்கே கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் என்று உயரத்துக்கு உயரம் தாவரங்கள் மாறுவதைச் சன்னலிலிருந்தே காணலாம். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கும். சீசன் நாள்களுக்கான இடங்கள் மிக விரைவில் தீர்ந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் உதகையிலிருந்து குன்னூருக்கு மட்டும் ஓடும் ரயில்களை முயலுங்கள், அவற்றில் இடம் கிடைப்பது எளிது.

4. பூங்காவை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

உதகை பேருந்து நிலையத்திலிருந்து சேரிங் கிராஸ் வழியாகப் பூங்காவை அடையலாம். காலை 7 மணிக்குத் திறப்பது வழக்கம். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன்னால் கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரம் விலைமதிப்பற்றது. நுழைவுச்சீட்டு, கேமராவுக்கான கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம் ஆகியவை தனித்தனி. மலர்க் கண்காட்சி நாள்களில் நுழைவுக் கட்டணம் உயர்ந்துவிடும். ட்ரோன் கொண்டுவராதீர்கள். திருமணப் படப்பிடிப்பு, விளம்பரப் படப்பிடிப்பு போன்றவற்றுக்குத் தோட்டக்கலைத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

பூங்கா தொட்டபெட்டாவின் அடிச்சரிவில், ஏறத்தாழ 22 ஹெக்டேரில், படிப்படியாக மேலேறிச் செல்லும் அமைப்பில் இருக்கிறது. வாயிலே கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் என்பதால், சமவெளியிலிருந்து அன்றைக்கே ஏறி வந்தவர்களுக்கு மூச்சு வாங்கும். முந்தைய நாள் மாலையே வந்து தங்கிவிட்டு, காலையில் உடம்பு தெம்பாக இருக்கும்போது நேராக மேற்பகுதிக்கு ஏறிவிடுங்கள். எல்லோரும் கீழே உள்ள புல்வெளியில் நேரத்தைக் கழித்துக் களைத்துவிடுவதால் மேற்பகுதி எப்போதும் ஆள் குறைவாகவே இருக்கிறது. பழைய பெருமரங்களை அமைதியாக அண்ணாந்து பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. பூங்காவுக்கு மேலே தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. அது மக்கள் வாழும் குடியிருப்பும் அவர்களுடைய வழிபாட்டிடமும் ஆகும். அழைப்பில்லாமல் உள்ளே போவதும், கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது.

இறங்கி வரும் வழியில் இத்தாலியன் பூங்கா, பெரணி இல்லம், கண்ணாடி மாளிகை என்ற வரிசையில் பாருங்கள். பெரணி இல்லத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். இலையின் அடிப்புறத்தில் வித்துகள் கோடாகவும் புள்ளியாகவும் ஓரமடிப்பாகவும் அமைந்திருப்பதை இங்கே ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டால், மறுநாள் சாலையோரப் பாறையில் அதையே அடையாளம் காண முடியும். கீழ்ப்பகுதியில் இருக்கும் கல்லாகிப்போன மரத்தின் வயது 2 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பலரும் அதைச் சாதாரண மரக்கட்டை என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள்.

இந்தப் பூங்காவிலிருந்து உண்மையில் பயன் பெற ஒரு வழி இருக்கிறது. மரங்களில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகைகளில் தாவரப் பெயர், குடும்பம், தாயகம் ஆகியவை எழுதியிருக்கும். ஒரு சிறு குறிப்பேட்டில் இந்த மூன்றையும் எழுதிக்கொண்டே வாருங்கள். பூங்காவைச் சுற்றி முடிக்கும்போது ஆஸ்திரேலியா, சீனா, ஜப்பான், தென் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று பல நாட்டுப் பெயர்கள் நிரம்பியிருக்கும். நீலகிரி என்று எழுதிய வரிகள் குறைவாக இருக்கும். அந்தக் குறைவான வரிகளைக் கோடிட்டு வைத்து, அந்த மரங்களின் இலையையும் பட்டையையும் மறுபடியும் போய் நன்றாகப் பாருங்கள், ஏனெனில் மறுநாள் வெளியே நீங்கள் தேடப்போவது அவற்றைத்தான். குழந்தைகளோடு வருகிறவர்கள் இந்த வேலையை அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

முதியவர்களால் மேலே ஏற முடியாவிட்டால், கீழ்ப்பகுதியும் கண்ணாடி மாளிகையும் மட்டுமே ஒரு காலைக்குப் போதுமானவை. மரங்களுக்காகவே வருகிறவர்களுக்கு இன்னொரு நாள் இருந்தால், குன்னூர் சிம்ஸ் பூங்காவைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். ஏறத்தாழ 12 ஹெக்டேர் அளவுள்ள பள்ளத்தாக்கு அது. உதகையைவிடத் தாழ்ந்த உயரத்தில் இருப்பதால் குளிர் குறைவு, ருத்ராட்ச மரம் உட்பட வேறு வகை மரங்களும் உண்டு. கூட்டமும் குறைவு. ரோஜாப் பூங்கா அழகானதுதான். ஆனால் காட்டுப்பூக்களுக்காக வந்தவர்கள் அதை அடுத்த பயணத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

5. சாலையோரப் பூவெல்லாம் காட்டுப்பூ என்று எண்ணாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். உதகைச் சுற்றுவட்டாரத்தில் கண்ணைப் பறிக்கும் பூக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்து பரவியவை. சதுப்பில் வெள்ளைக் கிண்ணம்போல் கூட்டமாக நிற்கும் கேலா லில்லி தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. மேட்டுநிலங்களில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் முட்புதரான கோர்ஸும், முள்ளில்லாத ஸ்காட்ச் புரூமும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. மஞ்சள் பஞ்சுருண்டைகளைத் தாங்கும் சீகை மரம் ஆஸ்திரேலிய வாட்டில். கற்பூர மரமும் அந்த நாட்டதே. ஊதாப்பூ உதிர்ந்து சாலையை மூடும் ஜக்கராண்டாவும், தாழ்ந்த சரிவுகளில் பல நிறத்தில் பூக்கும் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. இவற்றில் சீகையும் கோர்ஸும் புரூமும் உண்ணிச்செடியும் மலையின் இயல்பான புல்வெளியையும் காட்டையும் விழுங்கிக்கொண்டிருப்பதால், அவற்றை அகற்றும் பணி நடந்து வருகிறது. அழகாக இருக்கிறதே என்று அவற்றின் விதையையோ கிளையையோ ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அப்படியானால் இந்த மண்ணின் பூக்களை எங்கே தேடுவது? சோலையும் புல்வெளியும் சந்திக்கும் ஓரங்களில் தேடுங்கள். உயரமான புல்வெளிகளில் ஆண்டின் பெரும்பகுதியும் மஞ்சளாகப் பூக்கும் ஹைபெரிக்கம் புதர் முதலில் கண்ணில் படும். அதன் அருகிலேயே இளஞ்சிவப்புப் பூவோடு தவிட்டுப்பழச் செடி நிற்கலாம். பழம் பழுக்கும் காலத்தில் உள்ளூர்க் குழந்தைகள் அதைத் தின்பதைப் பார்க்கலாம். சோலையின் ஓரத்தில், நிழலும் ஈரமும் உள்ள மண்மேடுகளில், வெள்ளையும் இளஞ்சிவப்புமான காட்டுக் காசித்தும்பைகள் இருக்கும். சோலைக்குள் வெண்மையாகப் பூக்கும் நீலகிரிச் செண்பகத்தைக் கண்ணால் காண்பதற்கு முன் மணத்தால் அறிவீர்கள்.

தரையை உற்றுப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அழுகண்ணி கிடைக்கும். மழைக்காலத்தில் ஈரமான புல்வெளிகளில், சிறிய இலைகளின் முடிநுனிகளில் பனித்துளிபோல் பிசின் மினுங்க நிற்கும் இந்தச் செடி, ஒட்டிக்கொள்ளும் சிறு பூச்சிகளைச் செரித்து, சத்தற்ற மண்ணில் கிடைக்காத உரத்தை ஈடுசெய்துகொள்கிறது. உயரமாக நிமிர்ந்து தேடுகிறவர்களுக்கு அது தென்படாது. முழந்தாளிட்டுத்தான் பார்க்க வேண்டும். மாநில மலரான செங்காந்தளை உதகையில் தேடாதீர்கள். தாழ்ந்த சரிவுகளிலும் அடிவாரப் புதர்களிலும் மழைக்காலத்தை ஒட்டி அது வேலியில் ஏறிப் பூத்திருக்கும். அதன் கிழங்கும் விதையும் கடும் நஞ்சு, குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. காட்டுக்குள் நடக்க அனுமதி பெறுங்கள்

சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, வேலியில்லாத சரிவு என்று எண்ணி உள்ளே நடப்பது பலர் செய்யும் குற்றம். நீலகிரியின் புல்வெளிகளும் சோலைகளும் பெரும்பாலும் காப்புக்காடுகள். அனுமதியின்றி நுழைந்தால் அபராதம் உண்டு. முக்குருத்தி தேசியப் பூங்கா முழுமையாகக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி. “நான் காட்டுகிறேன், பின்னால் ஏறுங்கள்” என்று விடுதி வாசலில் ஜீப்போடு வந்து அழைக்கிறவர்களை நம்பிப் போகாதீர்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதும்தான் வரும்.

முறையான வழிகள் இருக்கின்றன. எளிதானது, உதகைக்கு அருகில் அவலாஞ்சி சாலையில் உள்ள கேர்ன்ஹில். வாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு மரநிழலில் நடக்கலாம். அவலாஞ்சியில் வனத்துறையின் வண்டியிலேயே சோலையும் புல்வெளியும் உள்ள பகுதிக்கு அழைத்துச் செல்கிறார்கள். காலையில் சீக்கிரம் போனால் காத்திருப்பு குறையும். கனமழை எச்சரிக்கை வந்தால் மூடிவிடுவார்கள். கோத்தகிரிக்கு அருகே உள்ள லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்பில் ஊருக்கு நடுவே தப்பிப் பிழைத்த சோலை. ஒரு முழு நாளைக் கொடுக்கத் தகுதியானது.

நீண்ட தூரம் நடக்க விரும்புகிறவர்களுக்கு, வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. 14 மாவட்டங்களில் 40 வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். நீலகிரியில் பல வழிகள் உண்டு. இணையதளத்தில் அடையாள அட்டை விவரத்தோடு முன்பதிவு செய்து பணம் செலுத்த வேண்டும். பழங்குடி மக்களையும் வனத்தை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்தவர்களையும் பயிற்சியளித்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். பூக்களைப் பார்க்க விரும்புவதாக அவர்களிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். நடையின் வேகம் மாறும், அவர்கள் அறிந்த செடிகளைக் காட்டுவார்கள், எந்தப் பழத்தைத் தின்னலாம், எந்த இலையைத் தொடக்கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். முன்பதிவின்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. சிறுவர்களுக்கு வயது விதியும் பெற்றோர் ஒப்புதலும் உண்டு என்பதால் குடும்பமாக வருகிறவர்கள் விதிகளை முழுமையாகப் படியுங்கள். தீக்காலத்தில் வழிகள் மூடப்படும் என்பதால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதை நம்பிப் பயணத்தை அமைக்காதீர்கள்.

உடை பற்றி ஓரிரு சொற்கள். மழைக்காலத்தில் அட்டைக் கடி நிச்சயம். முழங்கால் வரை இறுக்கமான காலுறை அணிந்து, சிறிது உப்பு வைத்துக்கொள்ளுங்கள். காட்டுமாடு ஊருக்குள்ளும் தேயிலைத் தோட்டத்திலும் மேயும். அமைதியாக இருக்கிறதே என்று நெருங்கிப் படம் எடுக்க முயலாமல், நின்று, அது போன பிறகு நடங்கள். மாலை 4 மணிக்கு மேல் மூடுபனி இறங்கும். அதற்குள் சாலைக்கு வந்துவிட வேண்டும்.

7. செலவைக் கணக்கிடுங்கள்

பூங்கா நுழைவு, கேமரா, வனத்துறைச் சீட்டு ஆகியவை மொத்தச் செலவில் சிறு பகுதிதான். பயணத்தின் பெருஞ்செலவு அறையும் வண்டியும். மே மாதத்தில் அறை வாடகை மற்ற மாதங்களைவிடப் பன்மடங்கு ஆகிவிடும். செப்டம்பரில் செவ்வாய், புதன்கிழமைகளில் அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். உதகைக்குள் சுற்றுவதற்கு வாடகைக் கார்களில், ‘அத்தனை இடத்தையும் காட்டுகிறோம்’ என்ற தொகுப்பை ஏற்காதீர்கள். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் அரை மணிதான் தருவார்கள். செடி பார்க்கிறவர்களுக்கு அது பயன்படாது. நேரக் கணக்கில் பேசி, காத்திருப்புக் கட்டணத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மலையேற்ற வழிகளுக்கான கட்டணம் கடினத்தையும் தூரத்தையும் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகும். வாயில்களில் கைபேசிப் பணப்பரிமாற்றம் சில நேரம் வேலை செய்யாது, சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் மாவட்டம் முழுவதும் தடை செய்யப்பட்டவை. சிறிய தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை, தட்டு, குவளை ஆகியவற்றைச் சோதனைச்சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. எஃகு பாட்டில் கொண்டுவந்து, பொது இடங்களில் உள்ள குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

8. பறிக்காமல் பெயரைக் கண்டறியுங்கள்

காட்டுப்பூவை, ஒன்றே ஒன்றைக்கூட, பறிக்காதீர்கள். காப்புக்காட்டில் செடியைப் பிடுங்குவது குற்றம். நீலக்குறிஞ்சி வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைப் பிடுங்கினால் சிறைத்தண்டனை வரை போகும். தரை ஆர்க்கிடுகளைத் தோண்டி எடுத்துத் தொட்டியில் வைத்தால் அவை வாழ்வதும் அரிது, ஏனெனில் அந்த மண்ணில் உள்ள பூஞ்சையோடு சேர்ந்தே அவை வளர்கின்றன. வீட்டில் வளர்க்கச் செடி வேண்டுமென்றால் பூங்காவின் விற்பனை நாற்றங்காலில் வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் ஊரின் வெப்பத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஹைட்ராஞ்சியா, ஃபியூஷியா போன்றவை மதுரையிலோ திருச்சியிலோ ஒரு கோடையைக்கூடத் தாங்குவதில்லை.

பெயர் தெரிய வேண்டுமென்றால் ஒரே பூவைப் பல படங்களாக எடுங்கள்: முன்பக்கம், பக்கவாட்டு, இலையின் மேற்புறம், அடிப்புறம், தண்டில் இலை சேரும் இடம், செடியின் முழு உருவம், அது நிற்கும் சூழல். பூவின் முகத்தை மட்டும் எடுத்த படத்தைக் கொண்டு பல நேரங்களில் வல்லுநராலும் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, குறிஞ்சியிலும் காசித்தும்பையிலும் இது இன்னும் கடினம். அளவு தெரிய விரலையோ நாணயத்தையோ அருகில் வைத்து ஒரு படம் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலோ இந்திய உயிர்ப்பன்மைத் தளத்திலோ ஏற்றினால் அறிந்தவர்கள் உதவுவார்கள். இயந்திரம் முதலில் சொல்லும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். உலகின் வேறு மூலையில் வளரும் செடியின் பெயரை அது தருவதுண்டு. தீவிரமாகக் கற்க விரும்புகிறவர்களுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. தென்னிந்தியச் செடிகளின் உலர் மாதிரிகள் பெருந்தொகையாக அங்கே பாதுகாக்கப்படுகின்றன. மாதிரிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும்.

படங்களை ஏற்றும்போது அரிய ஆர்க்கிடு, லில்லி, குறிஞ்சி ஆகியவற்றின் துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள். செயலியின் அமைப்புகளில் அதற்கு வசதி இருக்கிறது. கைபேசிப் படத்திலேயே ஜிபிஎஸ் விவரம் பதிந்திருக்கும் என்பதால், வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பும்போதும் இதைக் கவனியுங்கள். சரிவின் பெயர் பரவினால் அடுத்த வாரக் கடைசியில் அந்தச் சரிவில் வண்டிகள் நிற்கும், செடிகள் மிதிபடும். மாவட்டம், உயரம், தேதி ஆகிய மூன்றையும் எழுதினால் பெயர் கண்டறிய உதவுகிறவர்களுக்கு அதுவே போதும்.